மத்தாப்புப் பெட்டியில் ஒரு மச்சம்

சிவகாசியில் மழை வந்தால் எல்லோரும் ஓடுவார்கள். தான் நனையாமல் இருக்க அல்ல... காயப்போட்ட சரக்கு நனையாமல் இருக்க! தாலியைக் கையில் பிடித்திருக்கும் மாப்பிள்ளைகூட இடிச்சத்தம் கேட்டால், "ஒரு நிமிசம் பொறுத்துக்க புள்ள" என்று முதல் முடிச்சோடு எழுந்து ஓடி, காய்கிற தீக்குச்சியை அள்ளி உள்ளே போட்டுவிட்டு வந்துதான் மிச்ச இரண்டு முடிச்சையும் போடுவார்.

1961, ஐப்பசி மாதம். தீபாவளிக்குப் பதினைந்தே நாள். அப்படி ஒரு மழையில் பஜாரே ஓடிக்கொண்டிருக்க, பஞ்சம்மாளின் பட்டாசுக் கடைக்குள் ஒருத்தி மட்டும் ஆணியடித்த மாதிரி நின்றாள்.

ஞானஜோதி. வயது இருபது. விருதுநகர் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் தேவாசீர்வாதம் சாரின் ஒரே மகள். விளையாட்டு விழா அழைப்பிதழுக்கு ஆர்டர் கொடுக்கப் பஸ் ஏறி வந்தவள், மழைக்கு ஒதுங்கிய இடம் இது.

"ஏ தாயி... கொஞ்சம் இப்பிடித் திரும்பு" என்றாள் பஞ்சம்மாள்.

"எதுக்கும்மா?"

"திரும்புங்கறேன்ல..."

திரும்பினாள். பஞ்சம்மாள் அலமாரியிலிருந்து ஒரு மத்தாப்புப் பெட்டியை எடுத்து அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

"ஆத்தீ! நீதானா அது? மூணு வாரமா என் கடையில உக்காந்திருக்க... ஒரு வார்த்தை சொல்லலியே!"

ஜோதி பெட்டியை வாங்கிப் பார்த்தாள்.

'நிலாக்குட்டி மத்தாப்பு.' கருநீல வானம். நடுவில் ஒரு பெண், கையில் மத்தாப்பைச் சுழற்றிக்கொண்டு... நெற்றியில் விழும் சுருட்டை முடி. கன்னத்தில் ஒற்றை மச்சம். புருவத்துக்கு மேலே பிறை மாதிரி ஒரு தழும்பு. சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போன உதடு. அப்புறம் அந்தக் கண்கள்... மழைக்கு முந்தின வைப்பாற்று ஊற்று மாதிரி, தெளிந்து, ஆழமாய்...

காலையில் எழுந்து தலை சீவும்போது தினமும் அவள் பார்க்கிற அதே முகம்!

அவளுக்குக் காது சுட்டது. அன்றைக்கு அந்தக் காதில் திரியை வைத்திருந்தால் சத்தியமாகப் பற்றிக்கொண்டிருக்கும்.

படத்தின் கீழ் ஓரத்தில் எறும்பு எழுத்தில் 'சீனிவாசகம் லித்தோ, சிவகாசி' என்று இருந்தது.

"இந்தக் கம்பெனி எங்கன இருக்கு?"

"அங்கன... ரயில்வே கேட்டுப் பக்கம். ஏ தாயி, மழை விடட்டும்... குடையாவது விரிச்சிட்டுப் போ!"

அதெல்லாம் யார் காதில் விழுந்தது? கையில் மடக்கிய குடை, மறு கையில் மத்தாப்புப் பெட்டி, மேலே கொட்டுகிற வானம். ஜோதி நடந்த வேகத்துக்குத் தெருவில் தேங்கிய தண்ணீர் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது.

* * *

லித்தோ கம்பெனிக்குள் மெஷின் 'டடக்... டடக்...' என்று ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கருப்பணன் எதிரே வந்தார்.

"முதலாளி மதுரைக்குப் போயிருக்காகளே. ஆர்டராம்மா?"

"ஆர்டர் இல்ல, ஆள் வேணும். இதை வரைஞ்ச ஆள்."

கருப்பணன் பெட்டியையும் அவளையும் பார்த்தார். விரலை மட்டும் நீட்டிவிட்டு நைசாக மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கெட்டிக்காரர்.

ஜன்னல் ஓரத்தில், வாசலுக்கு முதுகு காட்டி ஒருவன் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தான். அவன் முன்னால் வழவழவென்று ஒரு கல். கல்லுக்கு எதிரே சாய்த்து வைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

லித்தோ என்கிற கல்லச்சில் அப்படித்தான். கல்லில் வரைவதைக் காகிதம் அப்படியே முத்தமிட்டு எடுப்பதால், இடது வலதாகும், வலது இடதாகும். அதனால் படக்காரன் எதையும் திருப்பித்தான் வரைய வேண்டும். எதிரே கண்ணாடி வைத்துச் சரிபார்க்க வேண்டும். இந்த வேலையில் ஊறிப்போன ஆட்கள் சட்டைப் பித்தானைக்கூட இடம் வலமாக மாற்றிப் போடுவார்கள் என்று சிவகாசியில் ஒரு பேச்சு உண்டு.

அவன் பெயர் இன்பராஜ். அவன் நிமிர்ந்தபோது முதலில் பார்த்தது அவளையல்ல, கண்ணாடியை.

கண்ணாடிக்குள் நிலாக்குட்டி நின்றாள்! சொட்டச் சொட்ட நனைந்து... அதே முடி, அதே தழும்பு, அதே பக்கம் அதே மச்சம்...

'சீசன் வேலையில் தூங்காமல் கிடந்து மூளை கலங்கிவிட்டது' என்று நினைத்துக்கொண்டான். மெல்லத் திரும்பினான். ஆள் நிஜம். கண்ணில் மின்னலும் நிஜம். ஆனால் மச்சம்... மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"ஐயோ... மச்சம் அந்தப் பக்கமா? தப்புப் பண்ணிட்டேனே!"

"தப்புன்னு தெரியுதுல்ல?" வெடித்தாள் ஜோதி. "யாரக் கேட்டு என்னைய வரைஞ்சீக?"

"உங்களைய வரையலீங்க..."

"அப்ப இது யாரு? உங்க சித்தியா?"

மெஷினுக்குப் பின்னால் கருப்பணன் இருமினார்.

"அது... வெம்பக்கோட்டையில ஒரு புள்ளைங்க. ஒம்போது வயசு. முழுப்பரிச்ச லீவுக்கு அவுக அத்தை வீட்டுக்கு வந்திருந்துச்சு. பதினோரு வருசமா, வருசத்துக்கு ஒரு வயசு கூட்டி, மனசுக்குள்ளயே வளத்துக்கிட்டு வந்தேன்." அவன் குரல் இறங்கியது. "இம்புட்டுச் சரியா வளந்திருக்கும்னு நானே நினைக்கலீங்க..."

அவள் கை தானாகப் புருவத்துக்குப் போனது... அந்தப் பிறைத் தழும்புக்கு.

"நுங்கு வண்டி..." என்றது அவள் வாய்.

"ஆமாங்க. நான் ஓட்டுன வண்டிதான்."

"ஏலே! நீ... நுங்குவண்டி இன்பமா?"

டடக் டடக் மெஷின் நின்றேவிட்டது. ஒரு டீச்சரம்மா, அதுவும் கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையில், நடுக் கம்பெனியில் நின்று 'ஏலே' போட்டால் எந்த மெஷின்தான் ஓடும்?

* * *

அந்த லீவு! ஐம்பதாம் வருஷத்து மே மாதம்.

லீவு என்றால் அன்றைக்கு ரயிலேறி மலைக்குப் போவதா? துணிப்பையில் இரண்டு பாவாடை, ஒரு சீப்பு. அம்மா இல்லாத பிள்ளையை அப்பா பஸ் ஏற்றிவிட்டார். வெம்பக்கோட்டை டீச்சர் செல்வமணி அத்தை இறக்கிக்கொண்டார். அவ்வளவுதான்... முப்பது நாள் ராஜ்யம்!

வைப்பாற்றில் தண்ணீர் கிடையாது. மணல்தான். அந்த வெயிலில் அண்டங்காக்கை வெளுத்துக் கொக்காகிப் போனதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் முழங்கை ஆழம் தோண்டினால் போதும்... ஊற்று கொப்பளிக்கும். கலங்கல் தெளியும்வரை சுற்றி உட்கார்ந்து, யார் முகம் முதலில் தெரிகிறது என்று பந்தயம். நுங்கைக் குடித்துவிட்டு மட்டைகளைக் குச்சியில் கோத்தால் வண்டி தயார். ஒரு வண்டிக்குப் பதினாறு சொந்தக்காரர்கள், தினம் ஒரு சண்டை.

எல்லாவற்றுக்கும் மேலே தீப்பெட்டிப் படம். பெட்டியில் ஒட்டிய படத்தை எச்சில் தொட்டு, கிழியாமல் உரித்து, புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்துச் சேர்க்க வேண்டும். மூன்று புலிக்கு ஒரு யானை. இரண்டு யானைக்கு ஒரு விமானம். விமானம் வைத்திருப்பவன் ஜில்லா கலெக்டர் மாதிரி நடப்பான்.

அந்த ஊர் நர்ஸம்மாவின் மகன் இன்பத்திடம் விமானமே ஆறு இருந்தது! பத்து வயதில் அவனைவிடப் பணக்காரன் அந்தப் பக்கத்தில் கிடையாது.

ஒருநாள் அவன் ஓட்டிய நுங்கு வண்டி கரைச் சரிவில் தறிகெட்டு இறங்கியது. எதிரே ஜோதி. அவள் நகரவில்லை. 'நான் ஏன் நகரணும்? நீ நிறுத்து' என்று இடுப்பில் கைவைத்து நின்றாள். ஒன்பது வயதிலேயே அப்படி. மோதி, துவைகல்லில் விழுந்து, புருவத்துக்கு மேலே கிழிந்து, ரத்தம்... நர்ஸம்மாதான் மூன்று தையல் போட்டார். ஜோதி அழவேயில்லை. அழுதது இன்பம். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி, எண்பத்தேழு படங்களையும் பிஸ்கட் டப்பாவோடு கொண்டுவந்து அவள் மடியில் கொட்டிவிட்டான். ஆறு விமானமும் உள்பட!

மறுநாளே தலையில் கட்டோடு ஆற்றுக்கு வந்தவள் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை:

"வண்டியக் குடு. இன்னைக்கு நான் ஓட்டணும்."

லீவின் கடைசிச் சாயங்காலம். வெடிக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருத்தி தன் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்த நன்றிக்காக நர்ஸம்மாவிடம் கொடுத்த ஒரு கட்டு மத்தாப்பு. ஆற்று மணலில் நின்று ஜோதி இடது கையால் சுழற்றினாள். "ஏ புள்ள, நொட்டாங்கைய மாத்து!" என்று அத்தை கத்தினார். மாற்றவில்லை. அந்தப் பொறிகளுக்கு நடுவே அந்த முகம்...

எதிரே நின்ற பத்து வயதுப் பையன் அதற்கப்புறம் சரியாகத் தூங்கவேயில்லை. பதினோரு வருஷமாக!

* * *

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. ஜோதிக்குத் தான் டீச்சர் என்பது ஞாபகம் வந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விறைத்தாள்.

"இங்க பாருங்க... தீவாளிக்குள்ள ஒரு பெட்டியிலயும் இந்தப் படம் இருக்கக் கூடாது."

"லோடு போயிருச்சுங்களே... கல்கத்தா, கான்பூருன்னு..."

"அப்ப கல்கத்தாவுக்குப் போய் உரிச்சிட்டு வாங்க."

"ஒத்த ஆளாவா? ரெண்டு லட்சம் பெட்டிங்க!"

"எச்சில் தொட்டு உரிச்சா கிழியாம வரும். உங்களுக்குச் சொல்லணுமா?"

சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினாள். பெட்டிப் படத்தில் இருந்த அதே உதடு... அதே தோல்வி. அவன் வாயைத் திறந்தபடி பார்த்தான்.

"என்ன பார்வை? அடிக்க வேண்டிய அழைப்பிதழ் இருக்கு. புதன்கிழமை புரூஃப் பார்க்க வருவேன்."

புதன்கிழமை வந்தாள். புரூஃபில் மூன்று பிழை. வெள்ளிக்கிழமை வந்தாள். பழைய பிழை போய்ப் புதிதாக நான்கு.

"விளையாட்டு விழாவ 'விளையாட்டு விலா'ன்னு போட்டிருக்கீக. சிவகாசியில இதுதான் லட்சணமா?"

"எழுத்துக்காரரு வயசானவருங்க... கை நடுங்குது..."

"ஏ தம்பி, எனக்கு முப்பத்தஞ்சு வயசுதான் ஆகுது!" என்று பக்கத்து அறையிலிருந்து எழுத்துக்காரர் குரல் கொடுத்தார்.

ஜோதி பிழைகளை இடது கையால் சுழித்தாள். அவன் அந்தக் கையையே பார்த்தான். வெளியே மழை... ஜன்னல் கம்பியில் துளித்துளியாகக் கோத்து, ஒன்று விழுந்தால் அடுத்தது வந்து அந்த இடத்தில் தொங்கி...

"மறுபடி திங்கக்கெழம வரவேண்டியிருக்கும் போல" என்றாள், கண்ணை நிமிர்த்தாமல்.

"பிழை இருந்தா வரத்தானங்க வேணும்..."

"இருக்குமா?"

"நான் இருக்கேன்ல."

பஸ்ஸில் திரும்பும்போது திருத்தங்கல் தாண்டியும் அவள் உதட்டில் அந்தச் சிரிப்பு இறங்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்துபோனார்.

* * *

ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமையோடு நாசரேத்திலிருந்து ஞானதீபம் அம்மாளும் வந்தார்.

ஞானதீபம் அம்மாளின் மகன் ஜேசுதாசன் காலேஜில் விரிவுரையாளர். ஜோதிக்கும் அவருக்கும் கல்யாணப் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. ஜோதி அவரைப் பார்த்தது ஒரு போட்டோவில். அதிலும் அவர் பக்கவாட்டில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணத்துக்குப் பிறகு சாக்பீஸ் தொடவேண்டாம்" என்று அம்மாள் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்பாவின் ஆசைக்காக ஜோதி தலையைக் குனிந்திருந்தாள். அதைச் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பைக்குள்ளிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தது... நிலாக்குட்டி மத்தாப்பு!

"எங்க அடுத்த வீட்டுல வாங்கியிருந்தாக. என்ன சார் இது? சபையில நாலு பேரு கேக்குறாக. வெடிப்பெட்டியில படம் வந்த பொண்ணையா எம்மகனுக்குக் கட்டுறது?"

தேவாசீர்வாதம் சார் கறுத்துப்போனார். முப்பது வருஷம் ஊருக்கே பாடம் சொன்னவர். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி பெட்டியைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். திடீரென்று அவர் முகம் ஆயிரம்வாலாவாக வெடித்துப் பிரகாசித்தது.

"இது எம்மக இல்ல!"

"என்ன சார் சொல்றீக?"

"மூணு தப்பு இருக்கு. ஜோதிக்கு மச்சம் இடது கன்னத்துல. இதுல வலது. தழும்பு இடது புருவத்துல. இதுல வலது. இந்தப் பொண்ணு மத்தாப்பை வலது கையில புடிச்சிருக்கா. எம்மக எதையும் இடது கையிலதான் புடிப்பா! இருபது வருசமா அடிச்சுத் திருத்தப் பார்த்த கை, இன்னைக்கு என் மானத்தக் காப்பாத்துச்சு!"

ஞானதீபம் அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பொண்ணு நொட்டாங்கையா? முன்னாடியே சொல்லலியே..."

சமையற்கட்டு வாசலில் நின்ற செல்வமணி அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வுபெற்று இப்போது தம்பி வீட்டோடு இருக்கிறார்.

"அதை அப்புறம் பேசுவோம்" என்றார் சார் அவசரமாக. "வரைஞ்ச பையனையே வரச்சொல்லி ஆள் அனுப்புறேன். அவன் வாயாலேயே கேட்டுருவோம்."

மூன்று மணி பஸ்ஸில் இன்பராஜ் வந்து சேர்ந்தான். மழையில் நனைந்த சட்டை, விரல் நகத்தில் போகாத மை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"தம்பி, ஒரே கேள்வி" என்றார் சார். "யோசிச்சுச் சொல்லணும். நீ சொல்றதுலதான் ஒரு பொண்ணோட கல்யாணம் இருக்கு. இந்தப் படம் எம்மகளா?"

இன்பராஜ் நிமிர்ந்தான். கதவோரம் ஜோதி நின்றாள். கண்ணும் கண்ணும் ஒரு நொடி... ஒரே ஒரு நொடி. அவள் கண்ணில் என்ன இருந்தது என்று அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. பதினோரு வருஷம் வளர்த்த முகம்... அதற்கு ஒரு கெடுதல் வரலாமா, அதுவும் தன்னால்?

"இல்லீங்க ஐயா" என்றான். "இது அவுக இல்ல. வேற யாரோ. நானா கற்பனை பண்ணி வரைஞ்சது."

"கேட்டீகளா! கேட்டீகளா!" சார் எழுந்தே விட்டார். "ஜோதி, நீயும் ஒரு வார்த்தை சொல்லிரும்மா. 'நான் இல்ல'ன்னு. அம்மா மனசு நிம்மதியாகும்."

இரண்டே வார்த்தை. சொன்னால் எல்லாம் முடிந்தது... நாசரேத், விரிவுரையாளர், பக்கவாட்டுப் பார்வை. சாக்பீஸ் இல்லாத கை.

ஜோதி உள்ளே போனாள்.

"வெக்கப்படுறா" என்றார் சார்.

வெட்கமா? அவள் திரும்பி வரும்போது ஒரு கையில் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி. அதை ஆணியோடு பிடுங்கியிருந்தாள், சுண்ணாம்பு தரையெல்லாம் கொட்டியது. மறு கையில் துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டப்பா.

கண்ணாடியை மேஜைமேல் நிறுத்தி, அதன் பக்கத்தில் மத்தாப்புப் பெட்டியை வைத்து, இடது கையை உயர்த்திக்கொண்டு எதிரே நின்றாள்.

"அப்பா, இங்க வந்து கண்ணாடிக்குள்ள பாருங்க."

பார்த்தார். கண்ணாடியில் மச்சம்... பெட்டியில் மச்சம். ஒரே பக்கம். தழும்பு, ஒரே பக்கம். தூக்கிய கை, ஒரே பக்கம். இரட்டைப் பிள்ளை மாதிரி இரண்டு முகம்.

"ஊருக்கே இது நானில்லாம இருக்கலாம்ப்பா. ஆனா எனக்கு என் மூஞ்சி எப்பிடித் தெரியும்? கண்ணாடியிலதான. பஞ்சம்மா கடையில பார்த்த நிமிசமே தெரிஞ்சுபோச்சு. இது நான்தான்."

"ஜோதி!"

"நொட்டாங்கைன்னு அடிச்சீக, மாத்தல. சாக்பீஸ் தொடாதன்னாக, தலையக் குனிஞ்சேன். இப்ப 'நான் நானில்ல'ன்னு சொல்லச் சொல்றீக. அதுக்கு மட்டும் வாய் வராதுப்பா." டப்பாவைக் கையில் எடுத்தாள். "வரைஞ்ச கை ஒண்ணும் கெட்ட கை இல்ல. அத்தை, இந்த டப்பா ஞாபகம் இருக்கா?"

மூடியைத் திறந்தாள். எண்பத்தேழு தீப்பெட்டிப் படங்கள். மேலே ஆறு விமானம்.

"அடி ஆத்தே... நர்ஸம்மா மகனா நீயி?" அத்தை வாயிலிருந்த தலைப்பை எடுத்துவிட்டார். "துவைகல்லு ரத்தத்தப் பார்த்துக் குளமா அழுதியே! ஏய்யா, எம்புட்டு ஒசந்துட்ட!"

ஞானதீபம் அம்மாள் எழுந்தார்.

"இம்புட்டு வாய் எங்க வீட்டுக்கு ஆகாது சார். எம்மகன் சாதுவான பையன்." வாசல்வரை போனவர், திரும்பி வந்து மத்தாப்புப் பெட்டியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அடுத்த வீட்டுப் பெட்டி. திருப்பிக் குடுக்கணும்."

குதிரைவண்டி போகிற சத்தம் தேய்ந்தது. தேவாசீர்வாதம் சார் நாற்காலியில் உட்கார்ந்து தரையில் கொட்டிய சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலைமையாசிரியர் குரலில் கூப்பிட்டார்.

"ஏலே, இங்க வா."

இன்பராஜ் வந்து கைகட்டி நின்றான்.

"கல்லுல திருப்பி வரையணும்ல? அதான உன் தொழிலு? எத்தனை வருசமாப் பார்க்குற?"

"ஏழு வருசங்க ஐயா."

"இதுவரைக்கும் எத்தனை கல்லு?"

"ஆயிரத்துக்கு மேல இருக்குங்க."

"எத்தனை தடவ திருப்ப மறந்த?"

"ஒரே தடவங்க."

"ஏன்?"

மழை ஓட்டின்மேல் பலமாகப் பிடித்தது. இன்பராஜ் மை படிந்த விரலைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி, சாரைப் பார்க்காமல், கதவோரம் நின்றவளைப் பார்த்துச் சொன்னான்.

"மத்த படமெல்லாம் கல்லு முன்னால உக்காந்து வரைஞ்சேங்க. இதை வரையிறப்ப நான் கல்லு முன்னால இல்ல... வைப்பாத்து மணல்ல நின்னேன். எதிர்த்தாப்புல அவுக மத்தாப்பு சுத்திக்கிட்டு நின்னாக. பாத்தது பாத்தபடி கை வரைஞ்சிருச்சு. கண்ணாடியப் பார்க்கணும்னே தோணல. ஆயிரம் கல்லுல மறக்காதவன் இதுல மறந்தேன்னா... அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலீங்க ஐயா. இப்பப் பொய் சொன்னதுகூட அதுக்காகத்தான்."

ஜோதி கதவைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காவிட்டால் நிச்சயமாகக் கூரைவரை மிதந்திருப்பாள்.

சார் டப்பாவிலிருந்து ஒரு விமானத்தை எடுத்து, ஓரம் கிழிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். கிழியவில்லை. பதினோரு வருஷம் பொத்தி வைத்த படம்.

"அந்தத் தையல் போட்டது உங்கம்மாதான?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க ஐயா."

"மூணு தையல். நேர்த்தியாப் போட்டிருந்தாக. அன்னைக்கு ஒரு நன்றி சொல்ல விட்டுப்போச்சு." எழுந்தார். "கிறிஸ்மஸ் லீவுக்கு அவுகளைக் கூட்டிட்டு வா. வீட்டுலதான் சாப்பாடு." இரண்டடி போய்த் திரும்பினார். "அதுவரைக்கும் அந்தக் கண்ணாடிய எவனாவது மறுபடி சுவத்துல மாட்டுங்க. எனக்குச் சவரம் பண்ணணும்."

* * *

வாசல் கேட்டருகே மழை தூறலாய் இறங்கியிருந்தது. ஜோதி குடையைக் கொண்டுவந்தாள். விரித்தாள். இரண்டு பேருக்குப் போதாத குடை... இரண்டு பேரும் பாதிப்பாதி நனைந்தார்கள்.

"அந்தப் படத்த எடுத்துரச் சொல்லி முதலாளிகிட்டப் பேசுறேங்க" என்றான் அவன். "அடுத்த சீசன்ல வராது."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"நீங்கதான... கல்கத்தாவுக்குப் போய் உரிச்சிட்டு வரச்சொன்னீக."

"சொன்னேன். இப்ப வேண்டாங்கறேன். ஆனா தப்புத் தப்புதான். டீச்சர் பார்த்துட்டு விடமுடியாது." இடது கையால் நெற்றி முடியை ஒதுக்கினாள். "அடுத்த வருசத்துக்குச் சரியா வரைங்க. மச்சம் இந்தப் பக்கம் வரணும்."

"மனசுல இருந்து வரைஞ்சா மறுபடி தப்பு வருங்க. ஆளு எதிர்த்தாப்புல உக்காரணும்."

"உக்காருறேன்."

"எம்புட்டு நாளைக்கு?"

"நீ சரியா வரையிற வரைக்கும்..."

'நீங்க' எங்கே போனது என்று இரண்டு பேருமே தேடவில்லை.

அவன் சிரித்தான். பத்து வயதில் ஆறு விமானத்தை அள்ளிக் கொடுத்த அதே சிரிப்பு.

"அப்ப முடிவு பண்ணிட்டேன் ஜோதி" என்றான். "ஆயுசுக்கும் நான் தப்பாத்தான் வரைவேன்."